கறுப்பியின் ஏழு குட்டிகள்

எங்கள் வளவின் பின்பக்கத்தில் ஒரு விறகுக் கொட்டில் இருக்கிறது. அங்கே அடுக்கிய பனை மட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. மாசிப் பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் எங்கள் நாய் கறுப்பி அதற்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். மத்தியானம் நான் குனிந்து பார்த்தபோது ஏழு குட்டிகள் கண்மூடியபடி முலைக்கு முண்டிக்கொண்டிருந்தன. ஒன்று முழுக் கறுப்பு. ஒன்று தாயை உரித்து வைத்தது: முதுகு கறுப்பு, கால்களும் கன்னங்களும் செம்மஞ்சள், புருவத்துக்கு மேலே இரண்டு பொட்டு. இரண்டு சிவலை, பிறந்த அன்று அவை அடுப்புக்கரி தடவியதுபோலக் கருகித் தெரிந்தன. ஒன்றின் சிவலை உடம்பில் கறுப்பு வரி ஓடியது. ஒன்று தேங்காய்ப்பால் நிறம். கடைசிக் குட்டி மற்றவற்றுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அது வெள்ளை. இடது காதில் மட்டும் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கறுப்பு.

பக்கத்து வீட்டு ஆச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து எட்டிப் பார்த்தார்.

"எட தம்பி, ஒரு வயித்திலை இத்தினை விதமோ? தாய் ஒண்டு, தேப்பன் எத்தினை?"

முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். பிறப்புரிமையியலில் இவ்வளவு அழகான கேள்வியை எந்த வினாத்தாளிலும் கண்டதில்லை. ஆனால் அன்றே விடை சொல்ல முடியவில்லை. குட்டிகளின் நிறம் தெளியும்வரை சில கிழமைகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஆச்சிக்குப் பிறகு சொன்ன விடையைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாயின் உடம்பில் உண்மையில் இரண்டே இரண்டு சாயங்கள்தான் உண்டு. ஒன்று யூமெலனின், கறுப்பு அல்லது கபிலம். மற்றது பியோமெலனின், செம்மஞ்சள் தொடக்கம் வெளிறிய பால் நிறம் வரை. வெள்ளை என்று நாம் சொல்வது சாயம் இல்லாத இடம், அல்லது பியோமெலனின் அறவே மெலிந்துபோன இடம். ஜேர்மன் ஷெப்பேர்ட், டல்மேஷன், சந்தியில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய் எல்லாவற்றின் நிறமும் இந்த இரண்டும் எங்கே, எப்போது, எவ்வளவு என்ற கணக்கில் வருவதுதான். இரண்டையும் செய்பவை ஒரே நிறக்கலங்கள். ஒவ்வொரு மயிரின் வேருக்குள்ளும் அவை குந்தியிருந்து, வளரும் மயிருக்குள் சாயத்தை ஊட்டுகின்றன.

ஒரே கலம் இரண்டு சாயங்களை எப்படி மாற்றி மாற்றிச் செய்கிறது? எங்கள் தோட்டங்களில் தண்ணீர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு பிடி செம்மண்ணை வெட்டி இந்த வாயை அடைத்தால் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகும். நிறக்கலத்திலும் அப்படி ஒரு வாய் உண்டு. எம்.சி.1.ஆர். என்பது அதன் பெயர். கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதம் திறந்து வேலை செய்தால் கறுப்புச் சாயம் வரும். அகூட்டி என்ற இன்னொரு புரதம் வந்து அதை அடைத்தால் செம்மஞ்சள் வரும். அகூட்டிதான் மண்வெட்டிக்காரர்.

இதை நீங்கள் கண்ணாலேயே காணலாம். குட்டிகளுக்கு ஆறு கிழமையானபோது சிவலைக் குட்டி ஒன்றின் முதுகிலிருந்து ஒரு மயிரை எடுத்து வெள்ளைக் கடதாசியில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். நுனியில் கடுகளவு நீளத்துக்குக் கறுப்பு. அதன் கீழே அடிவரை மஞ்சள். மயிர் வேரிலிருந்து வளர்வதால் நுனிதான் முதலில் உண்டானது. அதாவது அந்த மயிர் முளைக்கத் தொடங்கிய நாட்களில் நிறக்கலம் கறுப்பை ஊட்டியது, பிறகு அகூட்டி வந்து வாயை அடைத்தது, அன்றிலிருந்து மஞ்சள். பிறந்த அன்று இந்தக் குட்டிகள் கருகித் தெரிந்ததற்கும் காரணம் இதுதான். அப்போது வெளியே எட்டிப் பார்த்தது மயிர்களின் கறுத்த நுனி மட்டுமே. குட்டி வளர வளர மஞ்சள் பகுதி மேலே வந்தது. "குட்டி வெளுக்குது" என்று வீட்டில் சொன்னார்கள்.

கறுப்பியின் உடம்பில் மண்வெட்டிக்காரர் எல்லா இடத்துக்கும் போவதில்லை. அகூட்டிப் பரம்பரையலகுக்கு இரண்டு தொடக்க விசைகள் உண்டு. ஒன்று வயிறு, கால், கன்னம் முதலிய கீழ்ப்பகுதிகளில் அதை இயக்குவது. மற்றது மயிர் வளரும் பருவத்துக்கு ஏற்ப உடம்பு முழுவதும் இயக்குவது. கறுப்பியில் இரண்டாவது விசை செயலிழந்தது. ஆகவே முதுகு முழுவதும் கறுப்பாக, கீழ்ப்பகுதிகள் மட்டும் செம்மஞ்சளாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் கன்னி என்று பெயர்பெற்ற வேட்டை நாய்களில் போற்றப்படுவதும் இதே கோலம்தான். புருவப் பொட்டு இரண்டும் தூரத்தில் இன்னும் ஒரு சோடி கண்கள் போலத் தெரியும். ரிக் வேதம் யமனின் இரண்டு நாய்களையும் நான்கு கண்ணுடையவை என்று வர்ணிக்கிறது. அது இந்தப் பொட்டுகளைப் பார்த்த யாரோ ஒருவரின் வர்ணனை என்றே நான் நம்புகிறேன்.

இந்த இரு விசைகளின் கதை 2021 இல்தான் முழுமையாக வெளிவந்தது. டானிகா பனாஷ், தோசோ லீப் முதலியவர்களின் ஆய்வு நாய்களின் அகூட்டிக் கோலங்கள் ஐந்தையும் இந்த இரண்டு விசைகளின் சேர்க்கையாகவே விளக்கியது. அதில் என்னை உறைய வைத்த செய்தி ஒன்று உண்டு. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தரும் விசைத் துண்டு, நாய் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றிய விகாரம் அல்ல. சாம்பல் ஓநாய்களின் மரபிலிருந்து 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து, பிறகு அழிந்தும் போன ஏதோவொரு நாய்க்குடும்ப விலங்கிடமிருந்து அது வந்திருக்கிறது. வட துருவத்து வெள்ளை ஓநாய்களிலும் அதே துண்டு இருக்கிறது. இன்றைய மனிதன் தோன்றுவதற்கு முந்திய நிறம் அது. ஒழுங்கை முடக்கில் வெயில் காயும் சிவலை நாயை அந்தச் செய்திக்குப் பிறகு நான் பழையபடி பார்த்ததில்லை.

இனி முழுக் கறுப்புக் குட்டி. ஆச்சியின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

தாயும் கறுப்புத்தானே, அதனால் குட்டியும் கறுப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது தவறு. தாயின் கறுப்பும் இந்தக் குட்டியின் கறுப்பும் வேறு வேறு வழிகளில் வந்தவை. குட்டியில் ஒரு செம்மஞ்சள் மயிர்கூட இல்லை. புருவப் பொட்டும் இல்லை. இங்கே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து மண்வெட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அகூட்டி அடைக்க வேண்டிய வாயை இன்னொரு புரதம் முந்திப் போய்ப் பிடித்துக்கொள்வதால் அகூட்டிக்கு அங்கே இடமில்லை. வாய் திறந்தே கிடக்கும். உடம்பு முழுவதும் கறுப்பு. இதற்கு ஒரு பிரதி போதும். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரே ஓர் எதிருரு, அதாவது பரம்பரையலகின் ஒரு மாற்று வடிவம், வந்தாலே குட்டி கறுப்பு. பாடப்புத்தகத்தில் ஆட்சியுள்ள இயல்பு என்று படித்தது இதைத்தான்.

அந்த மூன்றாவது ஆள் யார் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுகூடத்தை 1929 இல் நிறுவிய கிளாரன்ஸ் குக் லிட்டில், நாய்களின் நிறப் பரம்பரை பற்றி 1957 இல் எழுதிய நூல் அரை நூற்றாண்டுக்கு இத்துறையின் அடிப்படை நூலாக இருந்தது. டீ.என்.ஏ.யை வாசிக்கும் வசதி இல்லாத காலத்தில் குட்டிகளை எண்ணியே அவர் பெரும்பாலானவற்றைச் சரியாகக் கணித்தார். ஆனால் இந்தக் கறுப்பை அவரும் அகூட்டியின் ஒரு வடிவம் என்றே எண்ணினார். நாயின் முழு மரபணுத் தொகுதி, டாஷா என்ற பொக்சர் பெட்டை நாயிலிருந்து, 2005 இல் வாசிக்கப்பட்டது. 39 சோடி நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 240 கோடி எழுத்துக்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெக் பார்ஷ் குழுவினர் அந்த ஆளைப் பிடித்தார்கள். அது ஒரு டிபென்சின். நிறத்தோடு தொடர்புடையதாக யாரும் நினைத்திராத குடும்பம் அது. தோலில் கிருமிகளோடு போராடும் சிறு புரதங்களின் குடும்பம். அதில் ஒரேயொரு அமினோவமிலம், கிளைசின், விடுபட்டதால் அது நிறக்கலத்தின் வாயில் போய் ஒட்டத் தொடங்கிவிட்டது.

கிருமியோடு போராடும் புரதம் நிறத்தை மாற்றுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. வட அமெரிக்கக் காடுகளில் கறுப்பு ஓநாய்கள் உண்டு. யெலோஸ்டோன் பூங்காவில் ஏறத்தாழப் பாதி ஓநாய்கள் கறுப்பு. அந்த ஓநாய்களின் கறுப்புக்கும் இதே எதிருருதான் காரணம் என்றும், அது வளர்ப்பு நாய்களோடு நடந்த கலப்பில் ஓநாய்களுக்குப் போனது என்றும் 2009 இல் அதே குழுவினர் காட்டினார்கள். மனிதரோடு அங்கே போய்ச் சேர்ந்த பழங்கால நாய்கள் காட்டு ஓநாய்க்குக் கொடுத்துவிட்டுப் போன நிறம். 2022 இல் வந்த இன்னோர் ஆய்வு, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் தொற்று பரவிய இடங்களில் ஒரு பிரதி மட்டும் கொண்ட கறுப்பு ஓநாய்கள் சாம்பல் ஓநாய்களைவிட நன்றாகத் தப்பிப் பிழைத்தன என்று கண்டது. இரண்டு பிரதிகள் கொண்டவையோ குறைவாகவே தப்பிப் பிழைக்கின்றன. நிறம் வெறும் பூச்சு என்று எண்ணியிருந்த என் மாணவர்களுக்கு இந்த ஒரு கதையைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சரி, கறுப்பிக்கு வருவோம். அவளிடம் இந்த எதிருரு இருந்திருந்தால் அவள் உடம்பில் செம்மஞ்சளே தெரிந்திருக்காது. ஒரு பிரதி இருந்தாலே போதும் என்று சொன்னேன் அல்லவா? அவளிடம் பொட்டும் உண்டு, செங்காலும் உண்டு. ஆகவே கறுப்பு எதிருரு அவளிடம் இல்லை. கறுப்புக் குட்டிக்கு அது தகப்பனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். சில மேய்ப்பு நாய் இனங்களில் கறுப்பு பின்னிடைவாகவும், அதாவது இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் மட்டும் தெரிவதாகவும், வருவதுண்டு. எங்கள் ஒழுங்கையில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வைரவர் கோயிலடியில் ஒரு கறுத்தக் கடுவன் இருக்கிறான். வடைமாலை சாத்தும் நாட்களில் உதிர்வதற்குக் காத்திருப்பவன். மார்கழி முழுவதும் எங்கள் படலையைச் சுற்றித் திரிந்ததை நான் கண்டேன்.

இப்போது வரிக் குட்டி. சிவலை உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் இந்தக் கோலமும் அதே டிபென்சின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னோர் எதிருருவால் வருவது. உடம்பின் ஒரு பகுதி நிறக்கலங்கள் கறுப்பு நாயினுடையவை போலவும் மற்றவை சிவலை நாயினுடையவை போலவும் நடந்துகொள்கின்றன. முளையத்தில் அவை பெருகிப் பரவிய வழியே கோடாகத் தெரிகிறது. ஆகவேதான் எந்த இரண்டு வரி நாய்களின் கோடுகளும் ஒன்றாக இருப்பதில்லை. தென்னிலங்கையில் சிங்கள ஹவுண்ட் என்று அழைக்கப்படும் உள்ளூர் நாய்களிலும் வரிக் கோலம் பேர்போனது.

டிபென்சின் இடத்தில் மூன்று எதிருருக்கள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பு, வரி, சாதாரணம். கறுப்பு மற்ற இரண்டையும் அடக்கும். வரி சாதாரணத்தை அடக்கும். ஆகவே செம்மஞ்சள் தெளிவாகத் தெரிந்து, வரியும் இல்லாத கறுப்பியிடம் இருப்பவை இரண்டும் சாதாரணம். அவளால் எந்தக் குட்டிக்கும் சாதாரணத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாது. கறுப்புக் குட்டிக்குக் கறுப்பு எதிருரு தகப்பனிடமிருந்து வந்தது. வரிக் குட்டிக்கு வரி எதிருரு தகப்பனிடமிருந்து வந்தது. வரியில்லாத சிவலைக் குட்டிகள் இரண்டுக்கும் சாதாரண எதிருரு தகப்பனிடமிருந்தும் வந்தாக வேண்டும். தகப்பன் பக்கத்திலிருந்து மூன்று வித எதிருருக்கள் வந்திருக்கின்றன. ஒரு நாயிடம் ஓரிடத்துக்கு இரண்டு எதிருருக்களுக்கு மேல் இருக்க முடியாது.

ஆகவே தேப்பன் ஒன்று அல்ல. குறைந்தது இரண்டு.

ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "அப்ப ஒரே நாளிலை பிறந்தாலும் அதுகள் பாதிச் சகோதரங்கள்" என்றார். உண்மை. பெட்டை நாய் கடுவனை ஏற்கும் காலம் ஏறத்தாழ ஒரு கிழமை. முட்டைகள் வெளிவந்த பிறகும் முதிர்வதற்கு இரண்டு நாட்கள் எடுக்கின்றன. விந்துகளோ அவளுக்குள் பல நாட்கள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் இரண்டு கடுவன்கள் வந்தால் ஒரே ஈற்றில் இருவர் பிள்ளைகளும் பிறப்பது வழமைதான். எங்கள் ஒழுங்கையில் வரிக் கடுவன் ஒன்றும் உண்டு. அது ஒரு பிரதி வரி, ஒரு பிரதி சாதாரணம் கொண்டதாக இருந்தால் வரிக் குட்டியும் சிவலைகள் இரண்டும் அதன் பிள்ளைகளாகக் கணக்குச் சரியாக வரும். கறுப்புக் குட்டி வைரவர் கோயிலடியானின் பிள்ளை. கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்து அனுப்பினால் ஆய்வுகூடம் சொல்லும் விடையை, கண்ணையும் ஒரு துண்டுக் கடதாசியையும் வைத்துக்கொண்டு ஓரளவுக்கு எட்டலாம் என்பதில் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி.

இதே கேள்வியைப் பூனையில் கேட்டிருந்தால் வழி வேறு. பூனையின் செம்மஞ்சள் நிறம் இலிங்க நிறமூர்த்தத்தில் இருக்கிறது; மூன்று நிறப் பூனை பெரும்பாலும் பெட்டையாக இருப்பது அதனால்தான். நாயின் நிறங்களில் கடுவன், பெட்டை வேறுபாடு இல்லை.

தேங்காய்ப்பால் நிறக் குட்டியைச் சிவலையின் வெளிறிய வடிவம் என்று நினைக்க வேண்டாம். மீசையைப் பாருங்கள். சிவலைக் குட்டிகளின் மீசை மயிர் கறுப்பு. இந்தக் குட்டியின் மீசையும் வெள்ளை; உடம்பில் தேடினாலும் ஒரு கறுப்பு மயிர் கிடைக்காது. மூக்கு மட்டும் கரிக்கட்டை. இங்கே வாய்க்காலின் வாயே, எம்.சி.1.ஆரே, உடைந்துவிட்டது. கட்டளை கொடுக்க வந்தவர்கள் எவரும் உள்ளே போக முடியாததால் மயிரில் பியோமெலனின் மட்டுமே. மஞ்சள் லப்ரடோரில் இந்தப் புரதத்தின் 306 ஆவது இடத்தில் நிறுத்தக் கட்டளை ஒன்று விழுந்து புரதம் முடிவதற்கு முன்பே அறுந்து போகிறது. மனிதரில் செம்பட்டை மயிருக்கும் காரணம் இதே பரம்பரையலகின் விகாரங்கள்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன மட்டக்குதிரைகள் நெடுந்தீவின் வெட்டையில் இன்றும் மேய்கின்றன. குதிரையில் பிடரியும் வாலும்கூடச் செம்மையாக இருந்தால் அங்கேயும் உடைந்திருப்பது இதே வாய்.

இந்த இயல்பு பின்னிடைவானது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் உடைந்த பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ள நாயைப் பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது. தலைமுறை தலைமுறையாக அது ஒளிந்தே போகும்.

எங்களிடம் முன்பு இந்த நிறத்தில் ஒரு நாய் இருந்தது. வெள்ளையன் என்று பெயர். 1995 ஒக்ரோபர் 30 இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவனைக் கூட்டிச் செல்ல வழியில்லை. நாவற்குழிப் பாலத்தில் மனிதர் கால் வைக்கவே இடமில்லாத நெரிசல். படலையைத் திறந்து விட்டுவிட்டு, குசினியில் இருந்த சோற்றை எல்லாம் கொட்டி வைத்துவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வளவில் பற்றைதான் இருந்தது. அதன் பிறகு எங்கள் ஒழுங்கையில் அந்த நிறத்தில் ஒரு நாயையும் நான் காணவில்லை. இந்தக் குட்டி அவன் வழியில் வந்ததாக இருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த எதிருரு இவ்வளவு காலமும் கறுப்பு, சிவலை, வரி நாய்களின் உடம்புகளுக்குள் ஊரிலேயே இருந்திருக்கிறது. கறுப்பியிடம் ஒரு பிரதி, தகப்பனிடம் ஒரு பிரதி. இரண்டும் சந்தித்த அன்று வெளியே வந்தது.

கறுப்பியின் ஈற்றில் வராத நிறங்களும் உண்டு. கறுப்புச் சாயத்தையே கபிலமாக்கும் விகாரம் ஒன்று. அதில் மூக்கும் கபிலமாகும், சொக்கிலேற் நிற லப்ரடோர் அப்படித்தான். கறுப்பைச் சாம்பல் நீலமாக்கும் விகாரம் இன்னொன்று. சாயம் மயிருக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் தேங்குவதால் அந்த நிறம். மெர்ல் என்ற சிதறல் கோலத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். "அபூர்வ நிறம்" என்று அதிக விலை சொல்லி விற்கப்படுகிறது. மெர்ல் கடுவனையும் மெர்ல் பெட்டையையும் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு அந்த விகாரம் இரண்டு பிரதிகளாகக் கிடைக்கும். அவற்றில் பல குருடாகவோ செவிடாகவோ பிறக்கும். நிறத்துக்காக நாய் வாங்குவதை நான் எப்போதும் எதிர்ப்பவன். இந்தக் கோலத்தில் அது குற்றம் என்றே சொல்வேன்.

இங்கே எனக்கு மனதில் கிடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நல்ல நாய் என்றால் வெளிநாட்டுப் பெயருள்ள நாய். மற்றவை எல்லாம் "கலப்பு". பல நல்ல இனங்கள் ஒன்றோடொன்று கலந்து கெட்டுப்போன மிச்சம்தான் ஊர் நாய் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. வரலாறு நேர்மாறானது. லண்டனில் கென்னல் கிளப் 1873 இல் தொடங்கியது. இன்றைய ஐரோப்பிய இனங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தை ஒட்டி, சில நாய்களைத் தெரிந்து, அவற்றையே திரும்பத் திரும்பத் தமக்குள் சேர்த்து உருவாக்கப்பட்டவை. உலகின் நாய்களில் மிகப் பெரும்பகுதி கறுப்பியைப் போல வளவிலும் வீதியிலும் தம் விருப்பப்படி இணை தேடி வாழ்பவை. பிறப்புரிமை வேறுபாட்டை அளந்த ஆய்வுகளில் இந்த ஊர் நாய்களிடம்தான் அது செழிப்பாக இருக்கிறது. இன நாய்களிடம் குறுகிப் போயிருக்கிறது. ஒரு லப்ரடோர் ஈற்றில் வரக்கூடிய நிறங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கறுப்பியின் ஒரே ஈற்றில் ஆறு விதம். கறுப்பி எந்த இனத்தின் மிச்சமும் இல்லை. இனங்கள்தான் அவளைப் போன்ற நாய்களிடமிருந்து கிள்ளி எடுக்கப்பட்டவை.

கடைசியாக வெள்ளைக் குட்டி.

நிறக்கலங்கள் தோலிலேயே பிறப்பவை அல்ல. முளையத்தின் முதுகுத் தண்டோரத்தில், நரம்பு முகடு என்ற இடத்தில் அவை தோன்றுகின்றன. அங்கிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஊர்ந்து, பெருகிக்கொண்டே, உடம்பெங்கும் போய்க் குடியேறுகின்றன. புறப்பட்ட இடத்திலிருந்து ஆகத் தூரமான இடங்கள் எவை? கால் விரல், வால் நுனி, நெஞ்சு, மூஞ்சி. பயணம் கொஞ்சம் பிந்தினாலோ ஆட்கள் குறைந்தாலோ அந்த இடங்களுக்கு எவரும் வந்து சேர மாட்டார்கள். சாயம் செய்ய ஆளில்லாத இடம் வெள்ளை. கறுப்பியின் நெஞ்சில் ஒரு வெள்ளை நட்சத்திரம், நான்கு பாதத்திலும் வெள்ளை விரல். உங்கள் வீட்டு நாயைப் பாருங்கள். வெள்ளை இருந்தால் அநேகமாக இந்த இடங்களில்தான் இருக்கும். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959 இல் திமித்ரி பெல்யாயெவ் நரிகளைச் சாந்த குணத்துக்காக மட்டும் தெரிந்து வளர்க்கத் தொடங்கினார். ஏறத்தாழப் பத்துத் தலைமுறைக்குள் சில குட்டிகளின் நெற்றியில் வெள்ளைப் பொட்டு வந்தது. நிறத்தை அவர் தேடவே இல்லை. பயத்துக்குரிய அட்ரீனல் சுரப்பியின் ஒரு பகுதியும் நிறக்கலங்களும் ஒரே நரம்பு முகட்டில் பிறப்பவை என்பதால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசைகிறது என்று சில அறிவியலாளர் விளக்குகிறார்கள்.

இந்தப் பயணத்தை நடத்தும் முக்கிய பரம்பரையலகு எம்.ஐ.ரி.எஃப். பொக்சர் நாய்களை வைத்து 2007 இல் அதைக் கண்டார்கள். அதன் சில எதிருருக்கள் இரட்டையாகச் சேரும்போது வெள்ளை விரலில் நிற்காமல் உடம்பு முழுவதையும் பிடித்துவிடும். கறுப்பியின் கடைசிக் குட்டி அப்படித்தான்.

இதில் ஒரு பாரதூரமான விடயம் இருக்கிறது. நிறக்கலங்கள் தோலுக்கு மட்டும் போவதில்லை, உட்செவிக்கும் போகின்றன. அங்கே நத்தை வடிவச் சுருளில் உள்ள திரவத்தில் பொற்றாசியச் செறிவைப் பேணுவது அவற்றின் வேலை. அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் கலங்கள் பிறந்து சில கிழமைகளுக்குள் அழிந்துபோகும். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டல்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்பதில்லை. முழு வெள்ளையாகப் போற்றப்படும் ராஜபாளையம் நாய்களிலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். இந்திய அஞ்சல் துறை 2005 இல் முத்திரை வெளியிட்டுக் கௌரவித்த இனம் அது.

எங்கள் வெள்ளைக் குட்டியை எட்டாம் கிழமையில் சோதித்தேன். உடன்பிறந்தவற்றிடமிருந்து பிரித்து, அது கோப்பையில் பால் நக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணில் படாமல் பின்னால் நின்று சட்டி மூடியில் கரண்டியால் தட்டினேன். தலையைத் தூக்கியது. கேட்கிறது! ஆனால் இடப்பக்கம் திரும்பித் தேடியது. நான் நின்றது வலப்பக்கம். மூன்று நாட்கள், வேறு வேறு இடங்களில் நின்று பார்த்தேன். எங்கிருந்து தட்டினாலும் இடப்பக்கமே திரும்பியது. கறுப்புத் திட்டு இருந்த காதின் பக்கம். அந்தக் காதுக்கு நிறக்கலங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன; வலது காதுக்குப் போகவில்லை. உறுதியாகச் சொல்ல மூளைத் தண்டின் மின்னசைவை அளக்கும் சோதனை வேண்டும். எனக்கு அந்த ஒரு திரும்பலே போதுமாக இருந்தது. ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டும். வீதியில் ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸுக்கு அது விலகும், ஆனால் எந்தப் பக்கம் விலகும் என்று சொல்ல முடியாது.

அவனை நாங்களே வைத்துக்கொண்டோம். படலை எப்போதும் சாத்தியிருக்கும். கையைத் தூக்கினால் இருப்பான், தொடையில் தட்டினால் வருவான். வளர்ந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நலமடித்தோம். இந்தக் காது இன்னொரு குட்டிக்குப் போகக் கூடாது.

உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ உடம்பு முழுவதும் வெள்ளையான குட்டி ஒன்று கூப்பிட்டு வராவிட்டால், தூக்கத்தில் தொட்டதும் திடுக்கிட்டுக் கடிக்க வந்தால், அதைப் பிடிவாதக்காரன் என்றோ விசர் என்றோ அடித்துத் துரத்த வேண்டாம். முதலில் பின்னால் நின்று ஒரு சட்டி மூடியைத் தட்டிப் பாருங்கள்.